ஐந்து மீட்டர் சாம்பல் துணி: ஒரு சூட் தைத்த அனுபவப் பதிவு

சென்ற முறை நான் தைத்துக்கொண்ட சூட் இரண்டு இடங்களில் என்னைக் கைவிட்டது. கால்சட்டை ஒன்றரை ஆண்டுக்குள் தொடையின் உட்புறம் நைந்து, ஒரு நாள் காரிலிருந்து இறங்கும்போது தையலை ஒட்டியே விட்டுப்போனது. கோட்டை மூன்றாவது முறை உலர்சலவைக்குக் கொடுத்து வாங்கியபோது, மார்புப் பகுதியில் துணி கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது; எத்தனை முறை இஸ்திரி போட்டும் அது படியவில்லை. அந்தத் துணியைத் தேர்ந்தெடுத்தவன் நான்தான். தொட்டதும் கையில் வழுக்கிய அதன் மென்மையையும், விளிம்பில் நெய்திருந்த ‘சூப்பர் 150’ என்ற எழுத்துகளையும் நம்பி எடுத்தேன். கிழிந்த கால்சட்டையைப் பிரித்துப் பார்த்த பிறகுதான், துணியிடம் கேட்க வேண்டிய எதையும் நான் கேட்கவில்லை என்பது புரிந்தது. அதனால் இந்த முறை துணி பார்க்கத் தொடங்கிய நாளிலிருந்து கடைசிப் பட்டன் தைத்த நாள் வரை எல்லாவற்றையும் குறிப்பேட்டில் எழுதி வந்தேன். அந்தக் குறிப்புகளை விரித்து எழுதியதே இந்தப் பதிவு.

துணி

கடைக்குப் போகும் முன், இந்த சூட்டை எங்கே, எத்தனை மணி நேரம், எந்த நிலையில் அணியப்போகிறேன் என்று ஒரு தாளில் எழுதினேன். ஆண்டுக்கு ஏறக்குறைய 40 நாட்கள்; அவற்றில் பாதிக்கு மேல் பயண நாட்கள்; நிற்கும் நேரத்தைவிட உட்கார்ந்திருக்கும் நேரமே மிக அதிகம்; வெயிலில் நடந்து போய்க் குளிரூட்டிய அரங்கில் உட்காரும் நாட்களும் பல. எழுதிப் பார்த்ததும், முன்பு நான் தேடிய மென்மையும் பளபளப்பும் அந்தத் தாளில் எங்குமே வரவில்லை என்பது தெரிந்தது. கசங்கினால் மீள வேண்டும், காற்றை உள்ளே விட வேண்டும், உராய்வைத் தாங்க வேண்டும் என்ற மூன்று தேவைகள்தான் அதில் இருந்தன.

‘சூப்பர்’ எண்ணைப் பற்றி இங்கேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அதைத் துணியின் தரத்துக்கான மதிப்பெண் என்று எடுத்துக்கொள்வது மிக எளிது. அந்த எண் கம்பளி இழை எவ்வளவு மெல்லியது என்பதை மட்டுமே சொல்கிறது. பன்னாட்டுக் கம்பளி ஜவுளி அமைப்பு வகுத்த விதிப்படி, ஒரு துணியில் சூப்பர் 100 என்று குறிப்பிட வேண்டுமானால் இழையின் சராசரி விட்டம் 18.75 மைக்ரானுக்கு மேல் போகக் கூடாது (ஒரு மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). எண்ணில் 10 கூடக் கூட இந்த வரம்பு அரை மைக்ரான் குறைந்துகொண்டே வரும். ஆகவே சூப்பர் 120க்கு 17.75 மைக்ரான், சூப்பர் 150க்கு 16.25 மைக்ரான். இழை மெலிந்தால் துணி மென்மையாகிறது, வழிந்து விழும் அழகும் கூடுகிறது. ஆனால் உராய்வைத் தாங்கும் வலு குறைகிறது. நூல் ஒற்றைப் புரியா, இரண்டு புரிகளைச் சேர்த்ததா, எவ்வளவு முறுக்கேற்றியது, எவ்வளவு நெருக்கமாக நெய்தது என்பவற்றைப் பற்றி அந்த எண் வாய் திறப்பதில்லை. என் பழைய கால்சட்டையின் கிழிந்த ஓரத்திலிருந்து நூல்களை ஒவ்வொன்றாக உருவிப் பார்த்தேன். நீளவாக்கில் ஓடும் பாவு நூல் இரண்டு புரிகளைச் சேர்த்து முறுக்கியது. குறுக்கே ஓடும் ஊடை நூலோ ஒற்றைப் புரி. ஊடையின் முறுக்கை விரலால் எதிர்த்திசையில் திருப்பியதும் அது பஞ்சாகப் பிரிந்து கையோடு வந்துவிட்டது. நைந்த இடத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது, அங்கே மிச்சமிருந்தவை பெரும்பாலும் பாவு நூல்களே.

இந்தப் பாடத்தோடு போய் 11 மாதிரித் துண்டுகளை வாங்கி வந்தேன். வீட்டு மேசையில் அவற்றைப் பரப்பி, ஒவ்வொன்றையும் ஒரே முறையில் சோதித்தேன். துண்டை உள்ளங்கையில் சுருட்டிப் பத்து வரை எண்ணி இறுக்கிப் பிடித்து, பிறகு மேசையில் விட்டுவிட்டு, எத்தனை நேரத்தில் விரிகிறது என்று பார்த்தேன். லினன் கலந்த இரண்டு துண்டுகளும் கசங்கியது கசங்கியபடியே கிடந்தன. நல்ல முறுக்குள்ள கம்பளித் துண்டுகள் கையை விட்டதும் சிலிர்த்துக்கொண்டு விரிந்தன. கால் மணி நேரத்தில் சுருக்கம் ஏறக்குறைய மறைந்தது. அடுத்து ஜன்னலுக்கு எதிரே பிடித்து வெளிச்சம் எவ்வளவு ஊடுருவுகிறது என்று பார்த்தேன். வாயை வைத்து ஊதினால் மறுபக்கம் காற்று எவ்வளவு வருகிறது என்பதைப் பின்னால் வைத்த கையே சொல்லிவிடும். கடைசியாக ஓரத்திலிருந்து பாவில் ஒரு நூலும் ஊடையில் ஒரு நூலும் உருவி, இடுக்கியில் பிடித்து, தண்ணீர்க் கிண்ணத்தின் மேல் தீயில் காட்டினேன். கம்பளி நூல் தலைமுடி கருகும் நாற்றத்தோடு எரிந்து, தீயை விலக்கியதும் தானே அணைந்து, தொட்டால் பொடியாகும் கரியை விட்டுச் சென்றது. ‘முழுக் கம்பளி’ என்று வாய்மொழியாகச் சொல்லித் தரப்பட்ட ஒரு துண்டின் ஊடை நூல் உருகி, நுனியில் கறுப்பு மணியாக இறுகியது, அது பாலியெஸ்டர். பாவு நூல் மட்டும் கம்பளி. இரண்டு திசையிலும் நூல் எடுத்துப் பார்க்காமல் விட்டிருந்தால் அது எனக்குத் தெரிந்தே இருக்காது.

எடைக் கணக்கில்தான் நான் அதிகம் தடுமாறினேன். ஒரு சீட்டில் 200 கிராம் என்றும், கைக்கு அதே அளவு கனமாகப் பட்ட இன்னொன்றில் 300 கிராம் என்றும் போட்டிருந்தது. முதலாவது ஒரு சதுர மீட்டரின் எடை. இரண்டாவது ஒரு மீட்டர் நீளத்தின் எடை. சூட் துணியின் அகலம் பெரும்பாலும் 150 சென்டிமீட்டர் என்பதால், நீள மீட்டருக்கு 300 கிராம் உள்ள துணி சதுர மீட்டருக்கு 200 கிராம்தான். இரண்டும் ஒரே கனம். சில துணிகளில் ஒரு கஜத்துக்கு இத்தனை அவுன்ஸ் என்றிருக்கும். அதை 31ஆல் பெருக்கினால் நீள மீட்டருக்கான கிராம் கிடைத்துவிடும். எந்த அளவில் சொல்கிறார்கள் என்று கேட்காமல் எடையை ஒப்பிடுவதில் பொருளே இல்லை.

எடை குறைந்தால் குளிர்ச்சி என்ற எண்ணமும் எனக்கு இந்தத் தேடலில் மாறிப்போனது. கடைசியில் மூன்று துண்டுகள் மிஞ்சின. முதலாவது நீள மீட்டருக்கு 240 கிராம் எடையில், நெருக்கமாக நெய்த சாய்வரித் துணி, அதாவது ட்வில். இரண்டாவது 300 கிராம் எடையில், முறுக்கு மிகுந்த இரட்டைப் புரி நூலைப் பாவிலும் ஊடையிலும் கொண்ட சாதா நெசவு. மூன்றாவது 340 கிராம் ஃபிளானல். ஃபிளானல் தொடுவதற்கு அவ்வளவு இதமானது. அதன் மேலெழுந்த ரோமப் பரப்பு நிறத்தையே மென்மையாக்கிக் காட்டும். ஆனால் அந்த ரோமம் வெப்பத்தைப் பிடித்து வைக்கும், கால்சட்டையின் உராயும் இடங்களில் சீக்கிரம் வழுக்கையும் விழும் என்பதால் மனமில்லாமல்தான் ஒதுக்கினேன். மற்ற இரண்டில், எடை குறைந்த ட்வில் வழியே ஊதிய காற்று மறுபக்கம் வரவே இல்லை. எடை கூடிய சாதா நெசவு வழியே தாராளமாக வந்தது. முறுக்கு மிகுந்த நூல் உருண்டு திரண்டிருப்பதால் நூலுக்கும் நூலுக்கும் நடுவே இடைவெளி விடுகிறது. அந்த முறுக்கே துணிக்கு வில் போன்ற மீள்சக்தியையும் கொடுக்கிறது. தொடுவதற்குச் சற்று வறண்டு, சொரசொரப்பாக இருக்கும் என்பது ஒன்றே அதன் குறை. மோஹேர் கலந்த ஒரு துண்டும் இதே குணங்களோடு வந்தது. அங்கோரா ஆட்டின் ரோமமான அதற்கு இயல்பாகவே ஒரு மினுக்கம் உண்டு. மாலை விழாவுக்கு அது மிகப் பொருத்தம். என் தாளில் மாலை விழா எழுதப்படவில்லை. ஆகவே 300 கிராம் சாதா நெசவையே எடுப்பது என்று முடிவு செய்தேன்.

நிறத்துக்கு மட்டும் இரண்டு நாட்கள் ஒதுக்கினேன், அது வீண்போகவில்லை. கரு நீலம் என்று நினைத்து எடுத்து வைத்திருந்த துண்டு, குழல் விளக்கில் நீலமாகவே இருந்தது. ஜன்னலோரம் கொண்டுபோனதும் கத்தரிப்பூ நிறம் அதில் தலைகாட்டியது. உள்ளங்கை அளவுத் துண்டில் அழுத்தமாகத் தெரியும் நிறம், ஆள் உயரத்துக்கு விரியும்போது வெளிறித் தெரியும் என்பதையும் கவனித்தேன். ஆகவே கடையில் முழுப் பீஸையும் விரித்துத் தோளில் போடச் சொல்லி, வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் பார்த்தேன். கட்டம் போட்ட துணி ஒன்றும் ஆசை காட்டியது. ஆனால் கட்டங்களைப் பாக்கெட்டிலும் கையிலும் நடு முதுகிலும் ஒன்றோடொன்று பொருத்துவதற்குத் துணி கூடுதலாகப் பிடிக்கும், பொருந்தாமல் போனால் அது ஒவ்வொரு நாளும் கண்ணை உறுத்தும். கறுப்பும் வெள்ளையும் சிறிது நீலமும் கலந்த இழைகளால் ஆன நடுத்தரச் சாம்பல் நிறத்தை முடிவு செய்தேன். அருகில் நின்றால் அதில் மணல் தூவியது போன்ற ஒரு புள்ளி ஆட்டம் தெரியும். நான்கடி தள்ளி நின்றால் அது ஒரே நிறமாகிவிடும்.

கோட்டுக்கும் ஒரு கால்சட்டைக்கும் என் அளவுக்கு மூன்றரை மீட்டர் போதும். நான் ஐந்து மீட்டராக வாங்கினேன், இரண்டு கால்சட்டை தைப்பதற்காக. கோட்டைவிடக் கால்சட்டைதான் முதலில் தேயும். பின்னால் போய் வாங்கினால் வேறு சாயத் தொகுதியில் நிறம் ஒரு நூல் மாறும், அது பக்கத்தில் வைத்தால் தெரிந்துவிடும். வாங்கிய துணியின் ஓரத்தில் 10 சென்டிமீட்டர் சதுரத்தை வெள்ளை நூலால் குறித்து, அதன் மேல் நீராவி இஸ்திரியைத் தொடாமல் பிடித்தேன். ஆறிய பிறகு பாவுத் திசையில் அளந்தால் 9.8 சென்டிமீட்டர். இந்த இரண்டு மில்லிமீட்டர் ஒரு கால்சட்டையின் நீளத்தில் இரண்டு சென்டிமீட்டராகிவிடும் என்பதால், வெட்டுவதற்கு முன் முழுத் துணியையும் நீராவி காட்டிச் சுருங்கவிட்டு ஆற வைக்கும்படி தையல் மாஸ்டரிடம் கேட்டுக்கொண்டேன். அவர் அதை ஏற்கனவே தன் வழக்கமாக வைத்திருந்தார்.

உள்ளே இருப்பவை

பழைய கோட்டில் எழும்பிய கொப்புளங்களுக்குக் காரணம் துணி அல்ல, அதன் பின்னால் ஒட்டியிருந்த ஃபியூசிங். கோட்டின் முன்பக்கம் விறைப்பாக நிற்பதற்காக உள்ளே ஒரு அடுக்கு வைப்பார்கள். அதைச் சூடு காட்டிப் பசையால் ஒட்டலாம்; அல்லது பருத்தியும் குதிரை முடியும் கலந்து நெய்த கேன்வாஸை வைத்து நூலால் தைக்கலாம். ஒட்டிய அடுக்கு சலவையிலும் சூட்டிலும் அங்கங்கே பிரிந்தால் கொப்புளமாகிறது. இதற்கு மேல் என் துணிக்கு வேறொரு காரணமும் இருந்தது: காற்று போக வேண்டும் என்று தேடிப் பிடித்த நெசவின் பின்னால் பசையைப் பூசினால், அந்த இடைவெளிகளை நானே அடைத்தது போலாகும். மாஸ்டர் காலர் மடிப்பிலிருந்து கீழ் விளிம்பு வரை முழு கேன்வாஸ் வைக்கலாம் என்றார். கனம் குறைந்த கேன்வாஸாக வைக்கச் சொன்னேன். காலருக்குக் கீழே மார்பின் மேல் மடிந்து விழும் லேப்பலில் அவர் சிறு சிறு சாய்தையல் போட்டதை அருகில் உட்கார்ந்து பார்த்தேன். துணியைத் தட்டையாக மேசையில் வைக்காமல், இடது கையின் ஆள்காட்டி விரல் மேல் வளைத்து வைத்துக்கொண்டே ஊசியைச் செலுத்தினார். ஒவ்வொரு தையலும் அந்த வளைவைத் துணிக்குள் பூட்டிக்கொண்டே போனது. தைத்து முடித்துக் கையை எடுத்தபோது, இஸ்திரி படாத அந்த லேப்பல் தானாகச் சுருண்டு நின்றது.

லைனிங்கில் நான் செய்த தவறு இந்தப் பதிவில் மிக முக்கியமானது. வெப்பத்துக்காகப் பாதி லைனிங் போதும் என்று முடிவு செய்தோம். முன்புறமும் முதுகின் மேல்பகுதியும் கைகளும் மட்டும். கைகளில் லைனிங் இல்லாவிட்டால் சட்டைக் கை உள்ளே சிக்கி வழுக்காது. பருத்திக் கொட்டையை ஒட்டிய குறும்பஞ்சிலிருந்து எடுக்கும் க்யூப்ரோ துணியைத் தேர்ந்தெடுத்தேன். பாலியெஸ்டரைவிட அது வியர்வையை நன்றாக உறிஞ்சும், உடம்பில் ஒட்டாது. இதுவரை எல்லாம் சரி. கோட்டைத் திறந்தால் அழகாகத் தெரியட்டும் என்று அழுத்தமான குங்குமச் சிவப்பில் எடுத்துவிட்டேன். இரண்டாவது ட்ரையலில் வெளிச்சத்துக்கு வந்து திரும்பி நின்றபோது, முதுகின் மேல்பாதி இளஞ்சிவப்பு ஏறிய சாம்பலாகவும் கீழ்ப்பாதி வெறும் சாம்பலாகவும் தெரிந்தது. லைனிங் முடியும் இடத்தில் குறுக்கே கோடு போட்டது போல இருந்தது. ஜன்னலுக்கு எதிரே பிடித்து வெளிச்சம் ஊடுருவுகிறது என்று மகிழ்ந்து எழுதி வைத்தவன், அதே வழியாக உள்நிறமும் வெளியே வரும் என்பதை யோசிக்கவில்லை. முதுகு லைனிங்கைப் பிரித்து, துணியின் நிறத்தையே ஒத்த சாம்பலில் மாற்ற வேண்டியதாயிற்று. அழகு பார்த்த சிவப்பு இப்போது கைகளின் உள்ளேயும் உள்பாக்கெட்டின் விளிம்பிலும் மட்டும் இருக்கிறது.

பாதி லைனிங் என்றால் வேலை பாதி என்று நினைக்க வேண்டாம். உள்தையல்கள் வெளியே தெரியும் என்பதால், ஒவ்வொரு ஓரத்தையும் குறுக்குத் துணிப் பட்டியால் மூடித் தைக்க வேண்டும். இத்தகைய தளர்ந்த நெசவு ஓரத்தில் வேகமாக நூல் பிரியும் என்பதால் அதைத் தவிர்க்கவும் முடியாது.

வெளியே தெரிபவை

லேப்பலின் அகலத்தைப் படம் பார்த்து முடிவு செய்யாமல், பழுப்புக் காகிதத்தில் 7.5, 9, 10.5 சென்டிமீட்டர் அகலங்களில் மூன்று லேப்பல்களை வெட்டி, பழைய கோட்டின் மேல் குண்டூசியால் குத்தி, கண்ணாடிக்கு இரண்டு மீட்டர் தள்ளி நின்று பார்த்தேன். 7.5 சென்டிமீட்டரில் என் மார்பு தேவைக்கு மேல் அகன்று தெரிந்தது, 10.5 சென்டிமீட்டரில் லேப்பல்தான் முதலில் கண்ணுக்கு வந்தது, முகம் பிறகுதான். 9 சென்டிமீட்டர் என் மார்புக்கும் தோளுக்கும் நடுவே பாதி தூரத்தைக் கடந்து நின்றது, அதுவே முடிவாயிற்று. வகையில், காலரோடு சேரும் இடத்தில் வெட்டு விழும் நாட்ச் லேப்பல். கூர்நுனி மேல்நோக்கி நிற்கும் பீக் லேப்பல் எனக்குப் பிடித்ததே. ஆனாலும் தனிக் கோட்டாக வேறு கால்சட்டையோடு அணிய நினைக்கும் இந்தச் சொரசொரப்பான துணியில் அது பொருந்தாது என்று பட்டது.

பாக்கெட்டில் எனக்கும் மாஸ்டருக்கும் கருத்து வேறுபாடு வந்தது. வறண்ட பரப்புள்ள துணியில் வெளியே வைத்துத் தைக்கும் பாட்ச் பாக்கெட் எடுப்பாக இருக்கும் என்று நான் வாதிட்டேன். “நாலு நாள் ஆபீஸ் கூட்டத்துக்குப் போட்டுப் போனீங்கன்னா, இது கோட்டா சட்டையான்னு உங்களுக்கே சந்தேகம் வந்துடும் சார்” என்றார் அவர். என் தாளைத் திரும்ப எடுத்துப் பார்த்தபோது அவர் பக்கமே நியாயம் இருந்தது. மேலே ஃப்ளாப், அதாவது மூடும் மடல், வைத்த நேர் பாக்கெட்டுகள் வைத்தோம். ஃப்ளாப்பை உள்ளே தள்ளிவிட்டால் விளிம்பு மட்டும் தெரியும். பின்புறம் இரண்டு பக்கமும் வென்ட், அதாவது கீழ்விளிம்பிலிருந்து மேலே போகும் பிளவு, ஒவ்வொன்றும் 23 சென்டிமீட்டர் உயரம். உட்காரும்போது பின்மடல் தனியாக விலகி மேலே எழுவதால் கோட்டு இருக்கையில் மாட்டிக் கசங்குவதில்லை. பாக்கெட்டில் கைவிட்டால் முதுகு சுருங்குவதுமில்லை.

பட்டன்களுக்கு எருமைக் கொம்பைத் தேர்ந்தெடுத்தேன், முன்புறம் 20 மில்லிமீட்டர், கையில் 15 மில்லிமீட்டர். பனை வகையொன்றின் விதையிலிருந்து கடையும் கொரோஸோ பட்டன் சாயத்தை நன்றாக ஏற்கும், அதுவும் நல்லதே. ஆனால் இந்தச் சாம்பலின் மணல் புள்ளிகளுக்குப் பக்கத்தில், ஒன்று போல் ஒன்று இல்லாத கொம்பின் மங்கிய வரிகள் பொருந்தின. காய்ச்சிய ஊசி முனையைப் பட்டனின் பின்பக்கம் தொட்டுப் பார்த்தேன். துணி நூலில் வந்த அதே முடி கருகும் வாசனை வந்தது. கம்பளியும் கொம்பும் கெரட்டின் என்ற ஒரே பொருளால் ஆனவை.

கால்சட்டையில்தான் பழைய தோல்வி நேர்ந்தது என்பதால் அதற்குக் கூடுதல் கவனம் கொடுத்தேன். உட்காரும்போது தொடை விரிவதற்கு இடம் கொடுக்க, ஒவ்வொரு பக்கமும் இடுப்பிலிருந்து இறங்கும் ஒரு மடிப்பு, அதாவது பிளீட். இடுப்புப் பட்டி தொப்புளுக்கு இரண்டு விரல் கீழே நிற்கும் உயரம். கவட்டையில் நான்கு தையல்களும் கூடும் இடத்தில் உட்புறமாக ஒரு வைர வடிவ லைனிங் துண்டு. முன்தொடையிலிருந்து முழங்காலுக்குக் கீழ் வரை லைனிங் வைத்ததால் துணியின் சொரசொரப்பு தோலில் படவில்லை. கீழ் மடிப்பு 4.5 சென்டிமீட்டர், இவ்வளவு காற்றோட்டமான துணி நேராகத் தொங்குவதற்குக் கீழே அந்தக் கனம் வேண்டும். பெல்ட் வளையங்களை விட்டுவிட்டு, பக்கவாட்டில் இழுத்து இறுக்கும் பட்டிகள் வைத்தோம். இரண்டு கால்சட்டைகளின் பின்தையலிலும் இரண்டரை சென்டிமீட்டர் துணி உள்ளே விட்டிருக்கிறார்.

ட்ரையல்

முதல் ட்ரையலில் கோட்டு வெள்ளை நூலோட்டத்தால் மட்டுமே நின்றது. பாக்கெட் இல்லை, லைனிங் இல்லை, ஒரு கைதான் பொருத்தியிருந்தது. கண்ணாடியைப் பார்த்ததும் என்னை அறியாமல் நெஞ்சை நிமிர்த்தினேன். “கண்ணாடிக்காக நிக்காதீங்க சார், பஸ்ஸுக்கு நிக்கிற மாதிரி நில்லுங்க” என்றார் மாஸ்டர். நான் தளர்ந்து நின்றதும் காலர் கழுத்தைவிட்டு ஒரு விரல் அகலம் விலகியது, வலது அக்குளுக்குப் பின்னால் ஒரு சாய்வான சுருக்கம் விழுந்தது. நிமிர்ந்து நின்றபோது இரண்டுமே இல்லை. என் வலது தோள் இடதைவிட ஒரு சென்டிமீட்டர் தாழ்ந்தது என்று அவர் சொன்னார். இத்தனை ஆண்டுகளில் எனக்கு அது தெரியாது. வலது தோள் தையலைப் பிரித்து, தாழ்ந்த அளவுக்குத் துணியை மேலே ஏற்றி ஊசி குத்தினார். சுருக்கம் அவர் விரலுக்கு அடியிலேயே மறைந்தது. பிறகு பொருத்தியிருந்த கையை ஒரே இழுப்பில் நூலோடு உருவியெடுத்து, என் கை இயல்பாகத் தொங்கும் கோணத்தைப் பக்கவாட்டிலிருந்து பார்த்து, சற்று முன்னோக்கித் திருப்பி மறுபடி பொருத்தினார். முன்பு முழங்கைக்கு மேல் விழுந்த மடிப்புகள் போய், கை தோளிலிருந்து ஒரே வீச்சில் இறங்கியது. துணியின் தேர்வில் நான் செலவிட்ட வாரங்கள் எல்லாம், இந்த ஐந்து நிமிடம் நடந்திராவிட்டால் கண்ணுக்கே தெரியாமல் போயிருக்கும் என்று உண்மையாகவே நினைக்கிறேன்.

இரண்டாவது ட்ரையலில் லைனிங் விஷயத்தோடு பட்டனின் இடமும் மாறியது. மேல் பட்டனைப் போட்டதும் அதற்குக் கீழே சட்டையின் ஒரு வெள்ளை முக்கோணம் தெரிந்தது. பட்டனைக் கீழே இறக்கலாம் என்றுதான் முதலில் தோன்றும். இறக்கினால் இடுப்பு தாழ்ந்து, கால் குட்டையாகத் தெரியும். பட்டன் இருந்த இடம் சரியே, கால்சட்டைதான் கீழே இறங்கியிருந்தது. பக்கப் பட்டியை இறுக்கி உரிய உயரத்துக்கு ஏற்றியதும் முக்கோணம் ஏறக்குறைய மறைந்தது. மிச்சமிருந்ததற்கு, பட்டனை ஒரு சென்டிமீட்டர் மட்டும் இறக்கி, முன்விளிம்பின் வளைவு தொடங்கும் இடத்தையும் அதற்கேற்பச் சாக்கால் மாற்றி வரைந்தார். கை நுனியில் நான்கு நிஜ காஜா கேட்டிருந்தேன். அவற்றை அன்றைக்கே வெட்டிவிடலாமா என்றதற்கு அவர் மறுத்துவிட்டார். அதுவும் நல்லதே. மூன்றாவது முறை, நான் வழக்கமாக அணியும் சட்டையோடு போய் நின்றபோது இடது கை 8 மில்லிமீட்டர் நீளமாக இருந்தது. காஜா வெட்டிய பிறகு கையை நுனியில் குறைக்க முடியாது. தோளில் பிரித்து மேலேயிருந்துதான் குறைக்க வேண்டும், அது மிகப் பெரிய வேலை.

அணிந்த பிறகு

இதுவரை 14 முறை அணிந்திருக்கிறேன். ஆறு மணி நேரப் பயணத்துக்குப் பின் முழங்கையிலும் முழங்காலுக்குப் பின்னாலும் விழும் சுருக்கங்கள், அகலமான ஹேங்கரில் ஓர் இரவு தொங்கினால் காலையில் போய்விடுகின்றன. முழங்காலில் சற்றே புடைப்பு தங்கியபோது, ஈரத் துணியை மேலே வைத்து நீராவி காட்டியதில் சரியாயிற்று. உலர்சலவைக்கு இன்னும் ஒரு முறைகூடக் கொடுக்கவில்லை. ஒவ்வொரு முறை அணிந்த பிறகும் மேலிருந்து கீழாகப் பிரஷ் செய்வதோடு சரி. இரண்டு கால்சட்டைகளையும் மாற்றி மாற்றி அணிகிறேன், எது எந்த நாள் என்று பட்டியின் உள்பக்கம் நீல நூலால் ஒன்றில் மட்டும் ஒரு தையல் அடையாளம் வைத்திருக்கிறேன்.

ஒரு குறை இருக்கிறது. உள்பாக்கெட்டில் செல்போனை வைத்தால், லைனிங் குறைவான, தளர்ந்த நெசவுள்ள இந்தக் கோட்டின் இடது முன்புறம் கீழே இழுபடுகிறது, லேப்பலின் சுருளும் அந்தப் பக்கம் நீண்டுவிடுகிறது. மாஸ்டரிடம் காட்டினேன். பாக்கெட் பையின் மேல்விளிம்பைத் துணியோடு விடாமல் உள்ளேயிருக்கும் கேன்வாஸோடு சேர்த்துத் தைத்தால் எடை தோளுக்குப் போய்விடும் என்றார். வரும் வாரம் கொடுக்கப்போகிறேன். மிச்சமிருக்கும் 30 சென்டிமீட்டர் துணியையும், அதோடு சுற்றி வைத்திருக்கும் இரண்டு கொம்புப் பட்டன்களையும் அப்போதே அவரிடம் காட்டி, நிறம் மாறாத அதே தையல் நூலில் ஒரு சிறு கண்டு வாங்கி அதனுடன் சேர்த்து வைக்க வேண்டும்.